நல்ல ரேட்டிங் இருந்தும் போன வேலை

என் வேலை போனபோது நான் கடைசியாக வாங்கியிருந்த அப்ரைசல் ரேட்டிங் 'எதிர்பார்ப்புக்கு மேல்'. அதற்கு முந்தைய வருடமும் அதேதான். மேனேஜரோடு மனஸ்தாபம் இல்லை, டீமில் சண்டை சச்சரவு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால், அவரிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. நன்றாக வேலை செய்கிறவரை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். வேலையில் நல்ல பெயர் இருப்பது வேறு, நிறுவனத்தில் நமக்கென்று ஓர் இடம் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை அனுபவத்தில் தெரிந்துகொள்ள எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடமும், சேமிப்பில் பெரும்பகுதியும் செலவானது. எனக்கு முன்னாலேயே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு பெரிய நிறுவனத்தில் சப்ளையர் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் பட்டுவாடாவுக்கு அனுப்பும் பிரிவில் டீம் லீடாக இருந்தேன். வரும் இன்வாய்ஸை நாங்கள் கொடுத்த ஆர்டரோடும், சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும். போகாதவை 'ஹோல்டு' பட்டியலுக்கு வரும். பிறகு சப்ளையருக்குப் போன், கிடங்குக்குப் போன், வாங்கும் பிரிவுக்கு மெயில் என்று நாள் போய்விடும். ஒரு கட்டத்தில் இந்த ஒப்பிடும் வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் வந்தது. இன்வாய்ஸ் பிடிஎஃப்பை அதுவே படித்து, எண்களை எடுத்து, பொருத்திப் பார்த்து அனுப்பிவிடும். முதல் சில வாரங்கள் தப்பும் தவறுமாக இருந்தது. நாங்களே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தோம். பிறகு அது தேறிவிட்டது. காலையில் பட்டியலைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடிய வரிசை, ஒரு திரைக்குள் அடங்க ஆரம்பித்தது. எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப முடிந்தது.

அந்த நாட்களில் நடந்தவற்றைப் பின்னால் யோசித்துக் கோர்த்துப் பார்த்தேன். டீமிலிருந்து ஒருவர் வேறு வேலைக்குப் போனார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்றார்கள். எங்கள் வேலையை ஒவ்வொரு படியாக எழுதி, திரையைப் பதிவு செய்து கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் பிரிவு வேறொரு தலைவரின் கீழ் மாற்றப்பட்டது. அவர் எங்களில் யாரிடமும் பேசியதில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் எண்களைக் காட்டும் பக்கம் கடைசிக்குப் போனது, பிறகு நேரம் இல்லை என்று காட்டுவதே நின்றது. இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டியதில்லை. வேலையை எழுதி வைக்கச் சொல்வது ஒழுங்கான நிறுவனம் எதிலும் நடக்கிற விஷயம். ஆள் எடுப்பதை நிறுத்தி வைப்பதும் அப்படித்தான், பல சமயம் நிறுவனம் முழுக்க நடக்கும். இரண்டு மூன்று ஒன்றாகச் சேரும்போதுதான் கவனிக்க வேண்டும். அதிலும் முக்கியமாக, வேலையை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்களுக்குப் புதிய வேலை எதுவும் தரவில்லை என்றால் அது பலமான அறிகுறி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்ஜெட் பிரிவில் வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், என்னை எப்போதும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார், ஒரு நாள் லிஃப்ட் வாசலில் சொன்னார்: "உங்க டீமுக்கு அடுத்த வருஷத்துல முதல் ஆறு மாசத்துக்குத்தான் தொகை போட்டிருக்காங்கம்மா. மீதி எங்க போகுதுன்னு தெரியல. எதுக்கும் கேட்டுக்கோ." நான் கேட்டேன். ஆனால் நான் கேட்டது, "சார், எனக்கு ஏதாவது பிரச்சினை வருமா?" என்று. மேனேஜர், "உங்க ரேட்டிங்குக்கு நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தாலும் வெளியே சொல்ல அனுமதி இருந்திருக்காது. 'எனக்குப் பிரச்சினை வருமா' என்ற கேள்விக்கு எந்த மேனேஜரும் ஆறுதல்தான் சொல்வார். பதில் வர வேண்டும் என்றால் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். அடுத்த வருடத் திட்டத்தில் எங்கள் டீமின் பொறுப்பு என்ன? எங்கள் சம்பளம் யாருடைய பட்ஜெட்டிலிருந்து வருகிறது? காலியான அந்த இடம் இன்னும் பட்டியலில் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா? இவை சாதாரண வேலைக் கேள்விகள், கேட்பதில் கூச்சம் எதுவும் வேண்டாம். பதில் தெளிவாக வந்தால் சந்தோஷம். மழுப்பலாக வந்தால், அந்த மழுப்பலையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ரேட்டிங் ஏன் என்னைக் காப்பாற்றவில்லை என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஆட்களை வரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவர்களை அனுப்பும் முறை ஒன்று உண்டு. 1980களில் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று பிரிப்பார்கள். நம்மில் பலருக்கு வேலை பாதுகாப்பு என்றால் மனதில் இருக்கும் படம் இதுதான், கடைசிப் பத்துக்குள் போகாமல் இருந்தால் போதும் என்று. ஆனால் பதவியையே எடுத்துவிடுவது வேறு விஷயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கை, 158ஆவது, வேலையிலிருந்து நீக்குவதற்கான நியாயமான காரணங்களைப் பிரித்தே சொல்கிறது: தொழிலாளியின் திறமை அல்லது நடத்தை சார்ந்தது ஒரு வகை, நிறுவனத்தின் இயக்கத் தேவை சார்ந்தது இன்னொரு வகை. என்னுடையது இரண்டாவது. அங்கே ரேட்டிங்கைப் பற்றிய பேச்சே எழவில்லை. ரேட்டிங் போன வருடம் என்ன செய்தோம் என்பதற்கு. பட்ஜெட் அடுத்த வருடம் நாம் தேவையா என்பதற்கு. நான் முதலாவதை மட்டுமே வருடா வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரையும் போல.

அழைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அரை மணி நேர மீட்டிங், தலைப்பு 'உரையாடல்', அழைக்கப்பட்டவர்களில் ஹெச்ஆர் பெயர் ஒன்று. உள்ளே போனதும் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்கள். 'இது உங்கள் செயல்திறனைப் பற்றியது அல்ல' என்ற வரி மட்டும் காதில் விழுந்தது, மற்றது எதுவும் மனதில் நிற்கவில்லை. வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு ஏற்கவில்லை. அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் சூடாக இருந்தது, யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. என் டீமில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, "அக்கா, உங்களுக்குமா?" என்று கேட்டாள். அவள் கையிலும் அதே உறை.

இனி பணக் கணக்கு. வருடாந்தர போனஸ் போய்விட்டது. வருடம் முழுக்க வேலை பார்த்திருந்தாலும், பணம் போடும் நாளில் பணியில் இருந்தால்தான் தருவார்கள் என்று விதிமுறையில் ஒரு வரி இருந்தது. என் கடைசி நாள் அதற்குச் சில வாரங்கள் முன்னால் வந்தது. அது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றது. குடும்பத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டியிருந்தது, புதிய பாலிசியில் சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு. அடுத்த வேலை கிடைக்க அரை வருடத்துக்கு மேல் ஆனது. நோட்டீஸ் காலச் சம்பளமும் அவர்கள் கொடுத்த தொகையும் அதில் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்குச் சேமிப்பு. கடன் தவணைகள் நமக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. பணத்தைவிட என்னை அதிகம் வாட்டியது காகிதங்கள்தான். பழைய சம்பளச் சீட்டுகள், பதவி உயர்வுக் கடிதங்கள், பாராட்டு மெயில்கள் எல்லாம் நிறுவனத்தின் போர்ட்டலில் இருந்தன. அது மூடிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஹெச்ஆருக்கு மெயில் போட்டு, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி வாங்க வேண்டியிருந்தது. புதிய இடத்தில் சம்பளச் சீட்டு கேட்டபோது தாமதமானதால் ஒரு வாய்ப்பு கையை விட்டுப் போனது. உங்கள் சொந்த ஆவணங்களை, அதாவது சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், அப்ரைசல் கடிதம், வரிப் படிவம் இவற்றை மாதம் ஒரு முறை இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ தொட வேண்டாம். போகும் நேரத்தில் அது ஒன்றே போதும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க.

வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்து பற்றி ஒன்று. அன்றே போட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்கிற தொனியில் பேசினார்கள். தாளில் பார்த்தால் ஒரு வாரம் அவகாசம் என்று போட்டிருந்தது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்து வந்தேன், தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன். எடுக்காத லீவுக்கான பணம் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை என்பதை அவர்தான் காட்டினார். போட்டி நிறுவனங்களில் ஒரு வருடம் சேரக்கூடாது என்று ஒரு பிரிவும் இருந்தது. இரண்டையும் மெயிலில் கேட்டேன். லீவுப் பணத்தைச் சேர்த்துவிட்டார்கள், அந்தப் பிரிவையும் எடுத்துவிட்டார்கள். போனஸுக்கு முடியாது என்றார்கள். கேட்டதால் யாரும் கோபப்படவில்லை. இந்த விஷயத்தில் சட்டம் நாட்டுக்கு நாடு மிகவும் மாறுபடும். அமெரிக்காவில் 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் ஒரே இடத்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் அனுப்புவதாக இருந்தால் முதல் ஆள் போவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு கலந்தாலோசனை தொடங்க வேண்டும், 100 பேரைத் தொட்டால் 45 நாள். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன விதி, உங்கள் பதவிக்கு அது பொருந்துமா, நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பதையெல்லாம் வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்து வையுங்கள். உறையைக் கையில் வாங்கிய பிறகு படித்தால் மண்டையில் ஏறாது.

வேலை தேடும்போதுதான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. பயோடேட்டாவில் எழுத உட்கார்ந்தேன்: இன்வாய்ஸ் சரிபார்ப்பு, மாதம் இத்தனை ஆயிரம், தவறு இத்தனை சதவீதத்துக்குள். எழுதிவிட்டுப் பார்த்தால், அந்த மென்பொருள் செய்யும் வேலை முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. 2003இல் டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் முர்னேன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் எழுதிய ஆய்வைப் பற்றிப் பிறகு படித்தேன். விதியாக எழுதிவிடக்கூடிய வேலைகளைக் கணினி எடுத்துக்கொள்கிறது, பிரச்சினையை அவிழ்ப்பது, மனிதர்களோடு பேசிக் காரியம் முடிப்பது போன்றவற்றில் அது துணைக்கு நிற்கிறது என்பது அதன் சாரம். இன்றைய கருவிகள் அந்த எல்லையைத் தாண்டி எழுதவும் பேசவும் செய்கின்றன என்றாலும், நம் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் அந்த முறை இன்றும் உதவுகிறது. நானும் பிரித்துப் பார்த்தேன். என் வாரத்தில் முக்கால்வாசி ஒப்பிடுதல், அறிக்கை, பட்டியல். மீதிக் கால்வாசி என்ன? மூன்று மாதமாகப் பணம் வராமல் சரக்கை நிறுத்துவேன் என்று கத்தும் சப்ளையரிடம் பேசுவது. ஒரு குறிப்பிட்ட கிடங்கிலிருந்து மட்டும் எப்போதும் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று தோண்டுவது. அப்படித் தோண்டியபோது, அங்கே பெட்டிக் கணக்கில் பதிவு செய்கிறார்கள், ஆர்டர் துண்டுக் கணக்கில் போகிறது என்பது தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் கிடங்கின் ஹோல்டுகள் மாயமாகிவிட்டன. இந்த வேலைக்கு எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லை. எந்த அப்ரைசலிலும் நான் இதை எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. பயோடேட்டாவைத் திருப்பிப் போட்டேன், அந்தக் கால்வாசி மேலே வந்தது. அதன் பிறகுதான் அழைப்புகள் வந்தன.

வேலை கிடைத்த விதமும் அப்படியே. நெருங்கியவர்கள் எல்லோரும் எனக்காக முயற்சி செய்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் எனக்கும் தெரிந்த இடங்கள். ஒரு சப்ளையர் நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர் ஒருவர், வருடக்கணக்கில் போனில் மட்டுமே பேசிப் பழக்கம், அவர் வழியாகத்தான் இந்த வேலை வந்தது. நான் வேலையில் இல்லை என்று யாரோ சொல்லி அவரே என்னைத் தேடினார். என்னிடம் அவர் நம்பர் இல்லை, அது ஆபீஸ் போனோடு போய்விட்டது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே இதை எழுதியிருக்கிறார்: வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கிற அறிமுகங்கள் வழியாக அதிகம் வருகிறது, ஏனென்றால் அவர்கள் நமக்குத் தெரியாத வட்டத்தில் இருக்கிறார்கள். வேலை விஷயமாகப் பழகியவர்களை லிங்க்ட்இன் போன்ற உங்கள் சொந்தக் கணக்கில் அவ்வப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை தேடும்போது முதல் தடவையாக 'நலமா' என்று கேட்பது இருவருக்கும் சங்கடம்.

வீட்டில் சொல்வதைப் பற்றியும் சொல்கிறேன். கணவரிடம் அன்றே சொன்னேன். அம்மாவிடம் சொல்லச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அவர் போன் செய்யும்போதெல்லாம் ஆபீஸில் இருப்பதுபோல் பேசினேன், அது வேலை போனதைவிட அதிகம் களைப்பைத் தந்தது. சொன்ன பிறகு, "சரி, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். சீக்கிரம் சொல்லிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தால்தான் குறையும்.

இப்போது இருக்கும் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அப்ரைசலோடு சேர்க்காமல், தனியாக உட்கார்ந்து சில விஷயங்களைப் பார்க்கிறேன். ஒரு வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று குறித்து, அதில் எழுதிக் கொடுத்தால் இன்னொருவரோ இயந்திரமோ செய்துவிடக்கூடியது எவ்வளவு என்று கணக்கிடுகிறேன். நான் இரண்டு வாரம் வராவிட்டால் மூன்றாவது நாளே தேடப்போவது யார் என்று பார்க்கிறேன். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வேலைக்கு ஆதரவு இல்லை என்று அர்த்தம். என் மேனேஜருக்கு மேல் இருப்பவருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியுமா? மேனேஜர் மாறிவிட்டால் எனக்காகப் பேச ஆள் உண்டா? வருடத்தில் ஒரு முறையாவது வெளியே ஒரு நேர்காணலுக்குப் போகிறேன், மாறுவதற்காக இல்லை, என் வேலைக்கு வெளியில் என்ன சம்பளம், என்ன புதிதாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. இதைச் சிலர் விசுவாசக் குறைவு என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறுவனம் தன் கணக்கைக் காலாண்டுக்கு ஒரு முறை பார்க்கிறது, நாம் நம்முடையதைப் பார்ப்பதில் தப்பே இல்லை. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறேன், இன்னும் முழுதாகச் சேரவில்லை.

ஏற்கெனவே அந்த மாதிரி ஒரு மீட்டிங்குக்கு அழைப்பு வந்து, இதைப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே சொல்வது மனதில் நிற்காது. அதிகாரப்பூர்வமாகக் கடைசி நாள் எது, காப்பீடு எந்தத் தேதி வரை, போனஸும் எடுக்காத லீவும் கணக்கில் எப்படி வருகின்றன, பணம் எந்தத் தேதியில் வரும், அனுபவச் சான்றிதழில் நீக்கத்துக்கு என்ன காரணம் எழுதுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேற்கொண்டு கேட்க வேண்டுமென்றால் யாருக்கு மெயில் போடுவது என்பதையும், லேப்டாப்பில் உள்ள உங்கள் சொந்த ஆவணங்களை எப்படிப் பெறுவது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேசியதை அப்படியே எழுதி, சரிதானா என்று கேட்டு உங்கள் சொந்த மெயிலிலிருந்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம்.